செவிக்கும் திறக்கும் களஞ்சியம்



மகாவலி கங்கையின் கிளையாறாகிய கொத்மலை ஓயாவை மறித்து அணை கட்டும் வேலை 1979ஆம் ஆண்டிலே தொடங்கி, 1985ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது. வயலும் ஊரும் வழிபாட்டிடமும் நீருள் ஆழ்ந்தன. அம்மலைப்பகுதியின் மக்களுக்கென 1989ஆம் ஆண்டிலே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்க் கொத்மலைச் சமூக வானொலி தோன்றியது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தபின், அச்சிறு நிலையம் உலகத்தார் வியந்து பேசிய ஒரு காரியத்தைச் செய்தது.

அக்காலத்தில் இணையம் என்பது மலைநாட்டு மக்களுக்கு எட்டாக்கனி. கணினி இல்லை, தொலைபேசி இணைப்பும் அரிது, இணையத்தில் இருந்தவையோ பெரும்பாலும் ஆங்கில ஏடுகள். ஆயினும் வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டி இருந்தது. இதனைக் கண்டறிந்தோர், 1998, 1999ஆம் ஆண்டுகளில் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் நிலையத்துக்கு ஓர் இணைய இணைப்பைக் கொணர்ந்தனர். நேயர்கள் தமக்கு வேண்டியதை எழுதிக் கேட்டனர். ஒலிபரப்பாளர் இணைய ஏடுகளைத் தேடிப் படித்து, மக்கள் மொழியில் விளக்கி, வானலையில் வழங்கினர். மருத்துவம் பற்றிய வினாவெனின் மருத்துவரொருவர் அருகிருந்து விளக்கம் தந்தார். கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நகரங்களின் பொது நூலகங்களிலும் இணைய வசதி வைக்கப்பட்டது. கண்ணுக்கு எட்டாத ஏடு செவிக்கு எட்டியது.

மலையகத்தார்க்குச் செவிவழிக் கல்வி புதியதன்று. தப்பின் முழக்கம் கேட்டுப் பெரட்டுக் களத்தை அடைந்த மக்கள் அவர்கள். காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் ஏட்டில் படித்தல்ல, கேட்டே காத்தவர்கள். ஆதலின் கொத்மலையில் நிகழ்ந்தது, பழைய வழக்கத்துக்குப் புதிய கருவி கிடைத்த கதையே எனலாம்.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கேட்பவர், படிப்பவரின் விருப்பத்தையும் நேரத்தையும் சார்ந்தே இருத்தல் வேண்டும். பயிர்நோய்க்கு மருந்து கேட்கும் உழவருக்கு இது போதும். ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கோ போதாது. அவர் ஒரு பக்கத்தை மும்முறை படிக்க வேண்டும். அடிக்குறிப்பை நோக்க வேண்டும். ஓர் ஆண்டையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அம்மாணவர் விழிப்புலனற்றவராயின் என் செய்வார்? பிறரைப் படித்துச் சொல்லும்படி இரந்து நிற்பதா? தாமே படிக்க வழியுண்டா?

வழி உண்டு. கணினித் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது, மைக்கேல் கரன் என்னும் விழிப்புலனற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006ஆம் ஆண்டில் தொடங்கியது, விலையின்றிக் கிடைப்பது, தமிழையும் படிக்க வல்லது. ஆனால் அது நேரே படிப்பது எழுத்தைத்தான்; எழுத்தின் படத்தை நேரே படிக்காது. இவ்வேறுபாட்டிலேதான் நம் காலத்து இணையக் களஞ்சியங்களின் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது.

தமிழில் இரு முயற்சிகளை ஒப்புநோக்குவோம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தனர். முதலில் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்களாற் குழப்பம் நேர்ந்தது. ஓர் எழுத்துருவில் தமிழாகத் தோன்றியது வேறொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டதும் அந்நூல்கள் குரல் மென்பொருளுக்கும் உரியவாயின.

மற்றொன்று, 2005ஆம் ஆண்டில் எழுந்த நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகம். நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காப்பதே இதன் பெரும்பணி. இவ்வழியைக் குறைகூறுதல் நியாயமன்று. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அத்தகைய இழப்பைக் கண்ட மக்கள், எஞ்சியவற்றை விரைந்து காத்தலையே முதற்கடமையாகக் கொண்டனர். கறையானும் ஈரமும் நெருப்பும் முந்துமுன் படமெடுப்பதே விவேகம். ஆனால் காத்தல் ஒன்று, திறத்தல் வேறொன்று. படமாக உள்ள பக்கம் பார்வையுடையோர்க்கு நூல், பார்வையற்றோர்க்கு வெற்றுத்தாள்.

இதில் இழப்பு யாது என எண்ணிப் பாருங்கள். கொத்மலையிலோ அட்டனிலோ ஒரு தோட்டத்திற் பிறந்த விழிப்புலனற்ற பெண்ணொருத்தி பல்கலைக்கழகம் புகுகின்றாள் எனக் கொள்வோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தன் பாட்டன் பாட்டியரை எவ்வாறு நாடற்றவராக்கியது என்பதை அக்காலத் தமிழ் ஏடுகளிற் காண விழைகின்றாள். ஏடு இணையத்தில் உள்ளது; பட்டியலில் அதன் பெயரும் உள்ளது. அவள் திறந்தால் கணினி மௌனம் சாதிக்கின்றது. தன் குலத்தின் வரலாறு பிறர் வாயிலாக மட்டுமே அவளுக்குக் கிட்டும் என்றால், அவள் ஆராய்ச்சியாளர் ஆதல் எங்ஙனம்?

படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் தமிழுக்கும் வந்துள்ளன. ஆயினும் பழைய அச்சு அவற்றை இடறச் செய்கின்றது. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் அச்சான நூல்களில் ணை, லை, னை முதலியவற்றின் வடிவம் வேறு. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு காண்பதும் அரிது. ஆகவே மனிதர் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர் இப்பணியைப் பொறுமையுடன் செய்து வருகின்றனர்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய இடர் அன்று. பௌதிகவியல், கணிதவியல் முதலிய துறைகளின் ஆய்வுரைகளைத் தாங்கும் ஆர்க்கைவ் களஞ்சியத்தைப் பால் கின்ஸ்பார்க் 1991ஆம் ஆண்டில் தொடங்கினார். அங்குப் பெரிதும் வழங்கிய பீ.டி.எஃப். வடிவம் குரல் மென்பொருளுக்கு, சிறப்பாகக் கணிதக் குறிகளைப் படிக்குமிடத்து, பெருந்தடையாயிற்று. 2023ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அக்களஞ்சியம் புதிய ஆய்வுரைகளை எச்.டி.எம்.எல். வடிவிலும் தரத் தொடங்கியது. செல்வமும் அறிஞர் கூட்டமும் உள்ள இடத்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேற்சென்றது. காரணம், வாயிலை முதலிலேயே அகலமாக வைக்காமையே. கட்டியபின் சுவரை இடிப்பது கடினம்.

வாயில் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு விதிகளும் இல்லாமல் இல்லை. கொத்மலை வானொலி இணையத்தைப் படித்துச் சொல்லிய அதே 1999ஆம் ஆண்டில், இணையப் பக்கங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான முதல் உலக வழிகாட்டி நெறிகள் வெளிவந்தன. படத்துக்கு எழுத்து விளக்கம் வேண்டும். தலைப்புகள் தலைப்புகளாகவே குறிக்கப்படல் வேண்டும். சுட்டியைக் கையாள இயலாதோர்க்கு விசைப்பலகையே போதுமானதாதல் வேண்டும். ஒலிப்பதிவுக்கு, செவிப்புலனற்றோர் பொருட்டு, எழுத்துப்படி வேண்டும் என்பன அவற்றின் சாரம்.

நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டில் வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வேண்டுமென்றன. பதிப்புரிமை குறுக்கே நில்லாது விழிப்புலனற்றோர்க்கு நூல்களை மாற்றுவடிவில் ஆக்கித்தர இடமளிக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013ஆம் ஆண்டில் உருவாயிற்று. 2016ஆம் ஆண்டில் இலங்கையும் அதிற் சேர்ந்தது. நூலகக் கட்டடத்தின் படிக்கட்டருகே சாய்தளம் வைத்தோம். உள்ளேயுள்ள நூலுக்கும் ஒரு சாய்தளம் வேண்டாவா?

செய்ய வேண்டியவை மலைப்பூட்டுவன அல்ல. இனிச் சேர்க்கும் ஆய்வேடுகளை ஒருங்குறி எழுத்தாகவே வாங்கி வைத்தல் முதலாவது. முன்னரே படமாக உள்ளவற்றுள் அடிக்கடி கேட்கப்படுவனவற்றை எழுத்தாக்கி மெய்ப்புப் பார்த்தல் இரண்டாவது. களஞ்சியத்தைத் திறந்துவைக்குமுன், விழிப்புலனற்ற வாசகர் ஒருவரை அழைத்து, அவர் கையாலேயே சோதித்தல் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதே தலையாயது. தடை எங்கே உள்ளதென்று அதில் முட்டியவரே அறிவார்.

கொத்மலையில் அன்று ஒலிபரப்பாளர் ஒருவர் ஊருக்காகப் படித்தார். அது பெருந்தொண்டு. இன்று நாம் செய்யத்தக்கது, ஒவ்வொருவரும் தமக்காகத் தாமே படிக்கும்படி ஏட்டை அமைத்துக் கொடுப்பது. நூல் பலவற்றைச் சேர்த்தோம் என்று மகிழும்போதெல்லாம், அவற்றை யார் யார் படிக்க இயலும் என்னும் கேள்வியையும் உடன் கேட்போமாக.