திருட்டு அலாரப் பதிவும் பொய் அலாரத் தடுப்பும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

திருட்டு அலாரம் என்பது பூட்டிய வீடு, கடை, வங்கி, கிடங்கு ஆகியவற்றில் ஆள் நுழைவதை உணர்ந்து சைரன் ஒலிக்கவும், உரிமையாளருக்கோ கண்காணிப்பு அறைக்கோ செய்தி அனுப்பவும் அமைந்த மின்னணுக் கருவித் தொகுதி. திருடன் வராமலே அது அலறினால் அது பொய் அலாரம். கேரளத்தில் இக்கருவிகளைக் காவல்துறையோடு இணைக்க, அரசு நிறுவனமான கெல்ட்ரானின் துணையுடன் ‘சிம்ஸ்’ எனப்படும் மத்திய ஊடுருவல் கண்காணிப்பு அமைப்பு செயல்படுகிறது. தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தட்பவெப்பம், தொலைவு, மாநில எல்லை ஆகிய மூன்றும் அலாரத்தின் பயனைத் தீர்மானிக்கின்றன.

தேவை

பாலக்காட்டின் எல்லை ஊர்களான வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகியவை சமவெளிச் சாலைகளில் உள்ளன. திருடியவர் விரைவில் மாநிலம் கடந்துவிடலாம். 2021 ஜூலையில் பாலக்காடு சந்திரநகரில், மருதறோடு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பெட்டக அறை உடைக்கப்பட்டு 7 கிலோவுக்கு மேற்பட்ட நகைகள் களவு போயின. 2024 செப்டம்பர் 27 அதிகாலையில் திருச்சூர் மாவட்டத்தில் மூன்று ஏ.டி.எம்.களை உடைத்த கும்பல், பணத்தோடு கன்டெய்னர் லாரியில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் அருகே பிடிபட்டது.

இடுக்கியில் நகையைப் போலவே காக்கப்படுவது ஏலக்காய். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் அதன் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் 50 கிலோ மூட்டை ஒன்றின் மதிப்பு மூன்றரை லட்சம் ரூபாய். உலர்த்திய காயை வைத்திருக்கும் ஸ்டோர்கள் பெரும்பாலும் தோட்டத்துக்குள் தனித்து நிற்பவை. சைரன் ஒலித்தாலும் காதில் வாங்க ஆளிருக்காது. காவல்துறை ஜீப் மலைச்சாலை வளைவுகளில் ஏறி வருவதற்குள் நேரம் போய்விடும். வீண் அழைப்புக்கு ஒருமுறை அவ்வளவு தூரம் வந்த காவலர், அடுத்த முறை அதே வேகத்தில் கிளம்புவார் என்று எதிர்பார்க்க முடியாது.

பதிவு முறைகள்

சிம்ஸில் கட்டணம் செலுத்திச் சேரும் வீடுகளிலும் நிறுவனங்களிலும் கேமராவும் சென்சார்களும் பொருத்தப்படுகின்றன. அத்துமீறல் நடந்தால் சில நொடிகளில் காட்சியும் இட விவரமும் திருவனந்தபுரம் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும். பணியிலிருப்பவர் காட்சியைப் பார்த்த பிறகே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். பூனைக்கும் திருடனுக்கும் உள்ள வேறுபாடு ஜீப் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிடுவதுதான் இம்முறையின் முதன்மையான பலன்.

கருவி இல்லாதவர்களுக்கு, கேரளக் காவல்துறையின் ‘போல் ஆப்’ செயலியில் பூட்டிய வீட்டைப் பதிவு செய்யும் வசதி உண்டு. வெளியூர் செல்லும் நாட்களைக் குறிப்பிட்டால், அதிகபட்சம் 14 நாட்கள் வரை காவலர்கள் ரோந்தின்போது அவ்வீட்டைக் கவனிப்பார்கள்.

எந்த அலாரப் பதிவாக இருந்தாலும் அப்பகுதிக்கு உரிய காவல் நிலையத்தின் பெயர், வழி அடையாளம், சாவி வைத்திருக்கும் இருவரின் கைபேசி எண் ஆகியவை இருப்பது அவசியம். உரிமையாளர் கோவையிலோ போடியிலோ கம்பத்திலோ குடியிருந்தால், சாவிக்காரர்களில் ஒருவராவது உள்ளூரில் இருக்க வேண்டும்.

பொய் அலாரத்தின் காரணங்கள்

முதற்காரணம் மனிதர்கள். அலாரம் போட்டிருப்பதை அறியாமல் அதிகாலையில் கடை திறக்கும் பணியாளும், அலாரத்தை நிறுத்தும் ரகசிய எண்ணை மறந்த உறவினரும் இதில் அடக்கம். மற்ற காரணங்கள் இடத்துக்கு இடம் மாறும்.

பாலக்காட்டுக் கணவாயின் பலத்த காற்று ஷட்டரை ஆட்டும்போது காந்தமும் தொடுப்பானும் விலகி, கதவு திறந்ததாகக் கருவி எண்ணிக்கொள்ளும். மார்ச், ஏப்ரலில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இன்னொரு சிக்கல். அகச்சிவப்புச் சென்சார் உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே ஆளை அறிகிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஆள் நடந்தாலும் கண்டுகொள்ளாது. அதை ஈடுகட்ட உணர்திறனைக் கூட்டினால் ஆடும் திரைச்சீலைக்கும் அலறும்.

இடுக்கியில் துலாமாத இடி மின்னல், மின்தடை, ஈரம் ஆகியவை தொல்லை. மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் கருவியின் மின்சுற்றுப் பலகை பழுதாகும். ஈரத்தால் இணைப்புகள் துருப்பிடிக்கும். வலுவிழந்த பேட்டரி மின்தடையின்போது தவறான குறிப்பு தரும். ஓட்டுக் கூரைக்குள் ஓடும் எலியும் மரநாயும், வெளிச் சென்சாரின் முன் பாயும் குரங்கும் இரு மாவட்டங்களுக்கும் பொது. பல்லி சென்சாரின் முகப்பிலேயே ஊர்ந்தால், அந்தச் சிறு உயிரும் கருவிக்கு மனித அளவில் தெரியும்.

தடுப்பு

அகச்சிவப்பும் நுண்ணலையும் சேர்ந்த இரட்டைச் சென்சார், இரண்டும் ஒருசேர உணர்ந்தால் மட்டுமே ஒலிக்கும். ஷட்டருக்கு அகல இடைவெளி தாங்கும் கனரகக் காந்தத் தொடுப்பான் பொருந்தும். சென்சாரை வெயில் படும் சன்னலுக்கும் மின்விசிறிக்கும் எதிரே வைக்கக் கூடாது. மின்னல் மிகுந்த இடங்களில் முறையான எர்த்தும் மின்னெழுச்சித் தடுப்பானும் தேவை. 12 வோல்ட் பேட்டரியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றுவது நல்லது. உள்ளே வந்து எண்ணை அழுத்த 30 நொடியாவது அவகாசம் வைக்கலாம். மாதம் ஒருமுறை, கண்காணிப்பு அறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, சோதித்துப் பார்க்க வேண்டும். பணியாள் மாறினால் அன்றே ரகசிய எண்ணையும் மாற்ற வேண்டும்.

பிற நாடுகளில்

அமெரிக்கக் காவல்துறைக்கு வரும் திருட்டு அலார அழைப்புகளில் 94 முதல் 98 விழுக்காடு பொய் என்று அந்நாட்டு நீதித்துறைக்காகத் தயாரான கையேடு ஒன்று கூறுகிறது. அங்குப் பல நகரங்களில் அலாரத்துக்கு உரிமம் பெற வேண்டும். பொய் அலாரம் தொடர்ந்தால் அபராதம் உண்டு. சால்ட் லேக் நகரம் 2000ஆம் ஆண்டின் இறுதியில், நேரில் உறுதி செய்யப்படாத அலாரத்துக்குக் காவலரை அனுப்புவதை நிறுத்தியது. பிரிட்டனில் பதிவு பெற்ற அலாரத்துக்குத் தனி அடையாள எண் தரப்படுகிறது. பன்னிரண்டு மாதங்களில் மூன்று பொய் அழைப்புகள் வந்தால் காவல்துறையின் உடனடி வருகை நிறுத்தப்படலாம்.

சட்டமும் எல்லையும்

கேரளக் காவல் சட்டம் 2011இன் 118ஆம் பிரிவின்படி, காவல்துறையையோ தீயணைப்புத் துறையையோ திசைதிருப்பத் தெரிந்தே பொய்யெச்சரிக்கை தருவது குற்றம். கருவிக் கோளாறால் எழும் அலாரம் ‘தெரிந்தே’ என்ற நிபந்தனைக்குள் வராது. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டப்படி உரிமம் மாநிலவாரியாகத் தரப்படுவதால், தமிழ்நாட்டு உரிமம் மட்டும் உள்ள நிறுவனம் எல்லை தாண்டிக் காவலாளியை அமர்த்த முடியாது.

குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு, வாளையாறு போன்ற இடங்களில் கைபேசி அண்டை மாநிலக் கோபுரத்தைப் பிடிப்பதுண்டு. அவசர எண்ணான 112 மாநிலவாரியாக இயங்குவதால், அழைப்பு மறு மாநிலத்துக்குப் போக வாய்ப்புண்டு. எனவே அழைப்பவர் முதலில் மாநிலம், மாவட்டம், காவல் நிலையம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். காவல் நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண்ணை அலாரப் பெட்டியின் அருகே எழுதி ஒட்டிவைப்பதும், பணியாட்களுக்கு அதைத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்குவதும் அவசியம்.