விட்டவரும் விடுபட்டவரும்: காசநோய்ச் சிகிச்சைக்குத் திரும்புதலில் சமூகத்தின் பங்கு

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. முதல் இரண்டு மாதங்களில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கு மருந்துகளும் சேர்ந்து, விரைந்து பெருகும் கிருமிகளைப் பெரும்பாலும் அழித்துவிடுவதால், காய்ச்சல் தணிந்து, பசியெடுத்து, நோயாளி மீண்டும் வேலைக்குப் போகும் நிலைக்கு வருகிறார். ஆனால் உறங்குநிலையில் எஞ்சியிருக்கும் கிருமிகளை ஒழிக்க மேலும் நான்கு மாதம் மருந்து தேவைப்படுகிறது. உடல் தேறிவிட்ட வேளையிலேயே மருந்தை விடாமல் உண்ண வேண்டியிருப்பதால், சிகிச்சை இடையில் நின்றுபோகும் ஆபத்து இந்நோயின் இயல்பிலேயே பொதிந்திருக்கிறது. குமட்டலும், மஞ்சள் காமாலையும், பிழைப்புத் தேடி ஊர் மாறும் கட்டாயமும், மருந்து வாங்கப் போகும் நாளில் இழக்கும் கூலியும் அந்த ஆபத்தைப் பெருக்குகின்றன. ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாக மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அதை இரத்தம் என்று அஞ்சி மாத்திரையை நிறுத்துவோரும் உண்டு.

இவ்வாறு நின்றுபோனவரை எப்பெயரால் குறிப்பது என்பது சிறிய கேள்வியன்று. உலக சுகாதார நிறுவனம் 2013இல் தன் வரையறைகளைத் திருத்தியபோது, கடமை தவறியவர் என்று பொருள்படும் பழைய சொல்லைக் கைவிட்டு, இரண்டு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து மருந்து நின்றுபோனவரைத் தொடர்பு அறுந்தவர் என்னும் பொருளில் வகைப்படுத்தியது. தமிழில் அவரைச் ‘சிகிச்சையை விட்டவர்’ என்றால் செயல் முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது. ‘விடுபட்டவர்’ என்றாலோ, பட்டியலில் ஒரு பெயர் விடுபடுவதைப் போல, விட்டவர் வேறு யாரோ என்பது விளங்குகிறது. இரண்டாவது சொல்லே உண்மைக்கு நெருக்கமானது என்பதற்குச் சென்னையின் மருத்துவ வரலாறே சான்று தருகிறது.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களுக்கு வீட்டிலிருந்தபடியும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. நல்லுணவும் ஓய்வும் கிடைத்த சானடோரியத்தினருக்கு ஏறத்தாழ ஈடாக வீட்டிலிருந்தோரும் குணமடைந்தனர் என்பதும், அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் 1959இல் வெளியான முடிவுகளாகும். இந்த ஆய்வு, வீட்டுச் சிகிச்சையே போதும் என்பதற்கான சான்றாக மட்டுமே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அந்த வீட்டுச் சிகிச்சையைத் தாங்கிநின்ற உழைப்பு மறக்கப்பட்டுவிட்டது. நோயாளிகள் வாரந்தோறும் மையத்திற்கு வந்து மருந்து பெற்றனர். பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். உட்கொண்ட மருந்தின் தடயம் சிறுநீரில் உள்ளதா எனச் சோதித்தனர். மருந்தை வீட்டுக்கு அனுப்பிய பின்னரும் நோயாளியைத் தேடிப்போகும் ஏற்பாடு நீங்காமல் இருந்ததே அவ்வெற்றியின் பாதிக் காரணம் என்று கொள்வது பொருந்தும்.

ஆயினும் சென்னை முறையைப் பின்பற்றினால் மட்டும் போதாது, ஏனெனில் முன்னறிவிப்பில்லாத சோதனை தொடர்ந்து மருந்து உண்பவரைத் தாங்குமேயன்றி, நிறுத்திவிட்டு வெட்கத்தோடு ஒதுங்கியிருப்பவரை அழைத்துவராது. அரசு முத்திரையிட்ட வண்டி வாசலில் நின்றால் தெருவுக்கே நோய் தெரிந்துவிடும் என்று அஞ்சுபவருக்கு, அன்றாடம் அத்தெருவில் நடமாடும் ஒருவரே உகந்தவர். வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1984இல் மாணிக்கஞ்ச் பகுதியில் தொடங்கிய முறை இதனை உணர்ந்திருந்தது. அங்கே ‘சுவாஸ்த்ய சேவிகை’ எனப்பட்ட கிராமப் பெண்கள் தம் அண்டை வீட்டாருக்கே மருந்து கொடுத்தனர். அண்டை வீட்டார் என்பதாலேயே இரகசியம் கசியும் அபாயமும் உண்டென்பதை மறுக்க இயலாது. எனவே வருபவர் யார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கே இருக்க வேண்டும்.

திரும்பி வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஏன் நிறுத்தினீர்கள் என்பதைக் காட்டிலும், எந்த நாளில் நின்றது என்பதாகும். மாத்திரை அட்டையில் எந்தக் குழியோடு காலியிடம் முடிகிறதோ, அந்த வாரத்தில் நேர்ந்த வாந்தியோ வெளியூர்ப் பயணமோ பேச்சில் தானாக வெளிப்படும். ஏன் என்ற கேள்வி குற்றச்சாட்டாக ஒலிப்பதால் பொய்யான விடையையே பெற்றுத்தரும். அதன்பின் சளியை மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்பி, ரிஃபாம்பிசின் எதிர்ப்புத்தன்மை தோன்றியுள்ளதா என அறிய வேண்டும். கருவியில் இட்ட சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை கிடைக்கும் இச்சோதனையின் முடிவைப் பொறுத்தே பழைய மருந்தா, புதிய மருந்துத் தொகுப்பா என்பது முடிவாகும்.

இவ்வளவு பொறுமையை வேண்டும் பணிக்கு இந்தியாவில் தரப்படும் ஊதியமோ முறை பிறழ்ந்தது. நோயாளி மருந்தை விடாமல் உண்ணத் துணைநிற்கும் சிகிச்சை ஆதரவாளருக்குரிய 1,000 ரூபாய் மதிப்பூதியம் சிகிச்சை நிறைவுற்றதை ஒட்டியே வழங்கப்படுவதால், குடிப்பழக்கத்தாலோ ஓயாத இடப்பெயர்வாலோ மீண்டும் மீண்டும் விடுபடுபவரைத் தேடிப் பலமுறை நடப்பவருக்கு, அந்நோயாளி நிலைகொள்ளும்வரை எதுவும் கிடைப்பதில்லை. எளிதில் முடியும் சிகிச்சையையே ஏற்குமாறு இது ஆதரவாளரைத் தூண்டுகிறது. ஆகவே விடுபட்டவரைத் தேடிச் செல்லும் ஒவ்வொரு நடைக்கும், அவர் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், தனியே கூலி வகுக்கப்பட வேண்டும்.