மாகாணிக்குள் ஒரு கூட்டல்

மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. வீசம் என்றும் சொல்வார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில் ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபின் அந்தப் பதினாறு கடைத்தெருவிலிருந்து மெல்ல விலகியது.

சொல்லைப் பிரித்தால் மா, காணி. மா இருபதில் ஒன்று. தஞ்சைப் பக்கத்து நிலக் கணக்கில் இருபது மா சேர்ந்தால்தான் ஒரு வேலி. காணி எண்பதில் ஒன்று. நாலு காணி ஒரு மா. அதோடு இன்னொரு காணி சேர்த்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று.

பெயருக்குள்ளேயே பின்னக் கூட்டல்! அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதி பாதியாக இறங்கும் வரிசை ஒன்று. மா, காணி, முந்திரி என நாலில் ஒன்றாக இறங்கும் வரிசை இன்னொன்று. இரண்டையும் மாகாணி இணைக்கிறது.

முந்திரி 320இல் ஒன்று. மேலே சொன்ன பங்குகள் அத்தனையும் முந்திரியில் முழு எண்ணாக அடங்கும்: கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த இந்தப் பெயர்கள் இன்றைய பின்ன வகுத்தலுக்கும் கைகொடுக்கும்.

முக்காலை மாகாணியால் வகுக்க வேண்டும். பள்ளியில் சொல்லித்தருவது, வகுக்கும் எண்ணைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்று. விடை வந்துவிடும், ஏன் தலைகீழாக்க வேண்டும் என்பது பல பிள்ளைகளுக்குப் புரியாமலே போகிறது. முந்திரியில் பார்த்தால் முக்கால் 240, மாகாணி 20. இருநூற்று நாற்பதில் எத்தனை இருபது? பன்னிரண்டு. தலைகீழாக்குவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒன்றில் பதினாறு மாகாணி இருப்பதால், முக்காலில் அந்தப் பதினாறில் முக்கால் பங்குதானே இருக்கும்?

மிச்சம் விழும் கணக்கில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அரைக்காலை மாவால் வகுத்தால், நாற்பது முந்திரியில் பதினாறு இரண்டு தடவை போக எட்டு மிஞ்சும். எட்டு முந்திரி என்பது இரண்டு காணி. அதை அப்படியே எடுத்து 'இரண்டே இரு காணி' என்று விடை எழுதினால் தப்பு. இங்கே அளவுகோல் மா. மிஞ்சிய எட்டு அந்த மாவில் பாதி. ஆகவே விடை இரண்டரை.