இரவல் பைக்கும் அஞ்சு லட்சமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் டீக்கடையில பேச்சு இன்சூரன்ஸ் பக்கம் போச்சு. காரணம், நைட் ஷிஃப்ட் முடிச்சு நண்பனோட பைக்கை இரவல் வாங்கிட்டு கவரப்பேட்டைக்குக் கிளம்பின ஒரு காண்ட்ராக்ட் பையன். நாய் குறுக்கே வந்து, விழுந்து, போய்ச் சேர்ந்துட்டான். "யார் மேல தப்புன்னு பார்க்காமலே அஞ்சு லட்சம் தருவாங்களாமே?"ன்னார் ஒருத்தர். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுல உக்காந்து தோண்டினப்பதான் உதறல் எடுத்துச்சு.

பழைய கதை இது. 1939 மோட்டார் வாகனச் சட்டத்துல, வண்டி ஓட்டினவரோட கவனக்குறைவை நிரூபிச்சாதான் இழப்பீடு. 1977-ல உச்ச நீதிமன்றமும் அப்படித்தான்னு சொல்லிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஜி.என்.டி. ரோட்டுல லாரி அடிச்சுப் போட்டா சாட்சிக்கு எங்கய்யா போறது? 1979-ல நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தப்பு பார்க்காத பொறுப்பை நோக்கித்தான் இந்தச் சட்டம் வளரணும்னு தீர்ப்புலயே எழுதினார். 1982-ல 92-ஏ பிரிவு வந்துச்சு. மரணத்துக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500. சின்னத் தொகைதான், ஆனா கேஸ் இழுத்துக்கிட்டு இருக்கும்போதே கைக்கு வர்ற காசு. 1988 சட்டத்துல அது 25,000, 1994-ல 50,000. 2022 ஏப்ரல் 1 முதல் 164-ஆம் பிரிவு: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அதுக்கு மேல வேணும்னா பழையபடி தப்பை நிரூபிக்கணும்.

டீக்கடைக்காரர் சொன்ன அஞ்சு லட்சம் இதுதான். ஆனா அது மூன்றாம் நபருக்கு! அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் 1971-ல கொண்டுவந்த முறையில, ஓட்டினவரோட சொந்தக் கம்பெனியே அவர் வைத்தியச் செலவைக் கொடுக்கும். நம்ம சட்டம் அடிபட்டவன் பக்கம் நிக்குது, ஹேண்டில்பாரைப் பிடிச்சவன் பக்கம் இல்ல. இரவல் வண்டி ஓட்டினவரும் ஓனர் இடத்துலதான் நிக்கிறார், மூன்றாம் நபர் இல்லன்னு 2020 ஜனவரியில ராஜஸ்தான் வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அங்க மோதின இன்னொரு பைக்மேல கேட்டிருக்கலாம். இங்க மோதினது நாய்.

அந்த ராஜஸ்தான் குடும்பத்துக்குக் கடைசியில கிடைச்சது பாலிசியில இருந்த தனிநபர் விபத்துக் காப்பு, 1 லட்சம். அதைக் குறைஞ்சது 15 லட்சம் ஆக்கணும்னு சொன்னது நம்ம சென்னை உயர் நீதிமன்றம், 2017-ல. 2018-ல அப்படியே ஆச்சு.

மறுநாளே பைக்கைக் கொடுத்த நண்பனைப் பிடிச்சேன். மொபைல்ல பாலிசியைத் திறந்து காட்டினான். பிரீமியம் குறையட்டும்னு அந்தக் காப்பை எடுத்துவிட்டிருக்கான். அந்தக் கட்டத்துல பூஜ்யம். பையன் அப்படியே தரையில உக்காந்துட்டான்.

இன்னொரு கதவு இருக்கு. வேலைக்குப் போக வர நடக்குற விபத்தையும் வேலை விபத்தாவே எடுத்துக்கலாம்னு 2010-ல ஈ.எஸ்.ஐ. சட்டத்துல திருத்தம் வந்திருக்கு. இறந்தவனுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிச்சாங்களான்னு சம்பளச் சீட்டைத் தேடச் சொல்லியிருக்கேன். அவங்க அம்மா டிரங்குப் பெட்டியைக் கொட்டித் தேடிக்கிட்டு இருக்காங்க.