நம் ஊர் நாய் துப்புத் துலக்காதா?

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த என் எட்டு வயதுப் பெயர்த்தி, ஆழ்வார்திருநகரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையடக்கக் கணினியைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். வேட்டைத் தொப்பி அணிந்து, வாயில் புகைக்குழாயுடன் ஒரு நாய் பழங்காலக் கார் ஒன்றை ஓட்டிச் சென்றது. ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று அமர்ந்த நான், அந்தப் பகுதி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் அவள் கேட்டாள்: "நம்ம ஊர் நாயெல்லாம் திருடனைக் கண்டுபிடிக்காதா, தாத்தா?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். மாணவர்கள் கேட்ட கேள்விகளில் இதைவிடக் கடினமானவை மிகச் சிலவே. விடை சொல்ல முயல்கிறேன்.

அவள் பார்த்தது 'ஷெர்லாக் ஹவுண்ட்' என்னும் அசைவூட்டத் தொடர். இத்தாலியின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ராயும், ஜப்பானின் டோக்கியோ மூவி ஷின்ஷா நிறுவனமும் இணைந்து உருவாக்கியது. மொத்தம் 26 பகுதிகள். 1984 நவம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி, 1985 மே மாதம் நிறைவுற்றது. இத்தாலியில் இதற்கு இட்ட பெயரில் ஹோம்ஸின் மோப்பத் திறனே முன்னிற்கிறது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி இதில் ஆறு பகுதிகளை இயக்கினார். எஞ்சியவை கியோசுகே மிகுரியாவின் இயக்கத்தில் உருவாயின.

ஆர்தர் கானன் டாயில் 1887-இல் அறிமுகப்படுத்திய துப்பறிவாளர், 4 நாவல்களிலும் 56 சிறுகதைகளிலும் வாழ்பவர். அவர் மட்டுமன்றி வாட்சன், ஆய்வாளர் லெஸ்ட்ரேட், வில்லன் மொரியார்ட்டி என அனைவரும் இத்தொடரில் நாய் இனத்தவர். குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட வெறும் வேடமாற்றம் என்று இதைக் கருத வேண்டியதில்லை. மூலக்கதைகளில் கொலையும் கொடிய நஞ்சும் உண்டு. அபின், கோகெயின் பழக்கங்களும் உண்டு. பாத்திரங்கள் விலங்குகளானதும் கதையின் கனம் மாறிவிடுகிறது. இங்கே குற்றங்கள் பெரும்பாலும் திருட்டும் கள்ளப்பணமும் ஆள்கடத்தலும்தான். மொரியார்ட்டி ஒவ்வொரு முறையும் வியக்கத்தக்க இயந்திரம் ஒன்றைச் செய்து, ஒவ்வொரு முறையும் தோற்று, உடைந்த இயந்திரத்தோடு ஓடுகிறார். குழந்தைக்கு அவர்மீது அச்சம் எழுவதில்லை. கொஞ்சம் இரக்கம்கூடப் பிறக்கிறது.

மூலத்தில் வீட்டுக்காரியாக மட்டும் வந்துபோகும் ஹட்சன் அம்மையாருக்கு நேர்ந்த மாற்றம் இன்னும் பெரிது. இத்தொடரில் அவர் விமானியின் இளம் விதவை. தாமே விமானம் ஓட்ட வல்லவர். மியாசாகி இயக்கிய ஒரு பகுதியில் மொரியார்ட்டி அவரைக் கடத்திச் செல்கிறார். பிணைக்கைதியான அந்த அம்மையாரோ திருடர்களின் மறைவிடத்தைத் துப்புரவு செய்து, சமைத்துப் பரிமாறி, கடத்தியவர்களையே தம் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்துவிடுகிறார். என் பெயர்த்தி மீண்டும் மீண்டும் பார்த்தது அந்தப் பகுதியைத்தான்.

இத்தொடர் உருவான கதையிலேயே ஒரு பொருளியல் பாடம் இருக்கிறது. 1981-இல் தொடங்கிய பணி இடையில் நின்றுபோனது. டாயிலின் உரிமையாளர்களோடு எழுந்த சிக்கலே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. டாயில் மறைந்தது 1930-இல். ஆசிரியர் மறைவுக்குப்பின் 50 ஆண்டு என்ற அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி, 1980-ஆம் ஆண்டின் முடிவிலேயே அங்கே உரிமைக் காலம் தீர்ந்திருந்தது. ஆனால் இந்தக் காலவரையறை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் ஹோம்ஸின் கடைசிக் கதைகள் முற்றிலும் பொதுவுடைமை ஆனது 2023 ஜனவரி 1 அன்றுதான். பல நாடுகளில் விற்க வேண்டிய தொடருக்கு, ஏதேனும் ஒரு நாட்டில் வழக்கு வரக்கூடும் என்ற ஐயமே போதும், முதலீடு உறைந்துவிடும்.

முடிந்திருந்த பகுதிகளில் இரண்டு, 1984 மார்ச்சில் மியாசாகியின் 'நவுசிகா' திரைப்படத்தோடு சேர்த்துத் திரையரங்குகளில் காட்டப்பட்டன. அப்போது மொரியார்ட்டி, ஹட்சன் அம்மையார் ஆகியோரின் பெயர்கள்கூட எச்சரிக்கையாக மாற்றப்பட்டிருந்தன. அந்த வெளியீட்டுக்குப் பிறகே தொடர் உயிர்பெற்றது. தடை வந்தபோது கைவிட்டிருந்தால் 26 பகுதிகளும் இல்லை. எங்கள் திண்ணையில் அன்றைய சிரிப்பும் இல்லை.

நம் நாட்டில் நிலைமை எளிது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் மறைவுக்குப்பின் 50 ஆண்டு என்று வரையறுத்தது. 1992-இல் அது 60 ஆக நீட்டப்பட்டது. டாயிலின் எழுத்துகள் அதற்கு முன்பே இங்கே பொதுச் சொத்தாகிவிட்டன. ஆக, ஹோம்ஸை நாயாகவோ நரியாகவோ ஆக்க நமக்குச் சட்டத் தடை ஏதுமில்லை. ஆனால் ஹோம்ஸையே நாம் கடன் வாங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

தமிழில் 'அலகேச கதை' என்றொரு பழங்கதைத் தொகுதி உண்டு. அதில் நான்கு இளைஞர்கள் வழியில் ஒரு விலங்கின் காலடித் தடங்களைக் காண்கிறார்கள். ஒட்டகத்தைத் தொலைத்த வணிகன் எதிர்ப்படுகிறான். உன் ஒட்டகம் ஒரு கால் நொண்டியா, வலக்கண் குருடா, வால் குட்டையா, வயிற்றுவலி உள்ளதா என்று ஆளுக்கொன்றாகக் கேட்கிறார்கள். எல்லாம் சரி, ஆனால் ஒட்டகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை என்கிறார்கள். அவர்களைத் திருடர்கள் என்று எண்ணிய வணிகன் அரசனிடம் இழுத்துச் செல்கிறான். அங்கே விளக்கம் வருகிறது. ஒரு காலின் தடம் சரியாக விழவில்லை, ஆகவே நொண்டி. பாதையின் ஒரு பக்கத்துத் தழை மட்டும் மேயப்பட்டிருந்தது. ஆகவே ஒரு கண் குருடு. கொசு கடித்த இடத்திலிருந்து இரத்தத் துளிகள் சிந்தியிருந்தன. அவற்றை ஓட்ட வால் எட்டவில்லை. முன்னங்கால் தடம் ஆழமாகவும் பின்னங்கால் தடம் மங்கலாகவும் இருந்தது; வயிற்றுவலியால் உடலைக் குறுக்கி நடந்திருக்கிறது. அரசன் மகிழ்ந்து அந்நால்வரையும் அமைச்சர்களாக்கிக் கொள்கிறான். பேக்கர் தெருவில் ஹோம்ஸ் செய்வதும் இதைத்தானே?

இதையொத்த கதை, நம் கடற்கரைக்கு எதிரே உள்ள இலங்கையின் பழம்பெயரால் 'சேரன்தீவின் மூன்று இளவரசர்கள்' என்று பாரசீகத்தில் வழங்கி, 1557-இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. வோல்டேரின் 'ஜாடிக்' கதையிலும் அதன் சாயல் உண்டு. துப்பறியும் இலக்கியத்தின் முன்னோடிகளாக அறிஞர்கள் இவற்றையே சுட்டுகிறார்கள். குறிப்பறிந்து உண்மை காணும் கலை இலண்டனில் மட்டும் பிறந்ததன்று.

'அலகேச கதை'யை ஆங்கிலத்தில் தந்தவர் பண்டித நடேச சாஸ்திரி. அவரே 1894-இல், தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைக் கதையாக எழுதினார். தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் கதைகளில் முதலாவதாக எண்ணப்படுவது அது. பழங்கதையும் புதுக்கதையும் ஒரே கையில் சந்தித்தன. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வந்தார்கள். என் தலைமுறைக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். எங்கள் பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ் வந்தது. மாணவப் பருவத்தில் அவற்றை வகுப்பு நூலுக்குள் மறைத்து வைத்துப் படித்தவர்களில் நானும் ஒருவன்.

மரபு உண்டு, வாசகர் உண்டு. பிறகு ஏன் தமிழ்க் குழந்தைக்குத் தமிழில் பிறந்த ஒரு துப்பறியும் கார்ட்டூன் இல்லை?

விடை செலவுக் கணக்கில் இருக்கிறது. நொடிக்கு 8 சித்திரம் என்று சிக்கனமாகக் கொண்டாலும், 24 நிமிடப் பகுதிக்கு 11,520 சித்திரங்கள் வேண்டும். 26 பகுதிகளுக்கு அது ஏறத்தாழ 3 லட்சம். கணினி வந்தபின் கையுழைப்பு குறைந்திருக்கலாம். கதை, பாத்திர வடிவமைப்பு, இசை, குரல் ஆகியவற்றின் செலவு குறையவில்லை. ஆனால் முதல் பிரதி உருவாகிவிட்டால், அதை இன்னொரு மொழியில் பேச வைக்க ஆகும் செலவு மூலச் செலவில் சிறு பங்குதான். எனவே தனியார் அலைவரிசை ஒன்று, பிற மொழித் தொடரை வாங்கித் தமிழ்க் குரல் கொடுப்பதே இலாபம் என்று முடிவு செய்வது முற்றிலும் பகுத்தறிவான செயல். 2007-இல் சுட்டி டிவி தொடங்கியபோது தமிழ்க் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கார்ட்டூன் கிடைத்ததே பெரிய மகிழ்ச்சி. ஆயினும் அத்திரையில் பேசியது பெரும்பாலும் மொழிமாற்றத் தமிழ். குரல் நம்முடையது, தெருவும் மரமும் உணவும் வேறெங்கோ உள்ளவை.

சந்தை தானாகச் செய்யாத நற்செயலைப் பொதுத்துறை செய்யலாம் என்பது பொருளியலின் அரிச்சுவடி. 'ஷெர்லாக் ஹவுண்ட்' உருவானதில் ஒரு பாதிப் பொறுப்பு பொது ஒளிபரப்பு நிறுவனத்துடையது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இயங்குகிறது. பாடங்களை ஒளிபரப்பும் அந்த அலைவரிசை, பதின்மூன்றே பகுதிகள் கொண்ட துப்பறியும் அசைவூட்டத் தொடர் ஒன்றை வெளிப்படையான போட்டியின் வழியே இளங்கலைஞர்களிடம் ஒப்படைத்தால் என்ன?

அரசுப் பணத்தில் பொழுதுபோக்கா என்று சிலர் கேட்கக்கூடும். தடயத்தைக் கண்டு காரணத்தை ஊகிப்பதும், ஊகத்தைச் சோதிப்பதும், தவறென்றால் கைவிடுவதும் அறிவியல் முறையின் முதல் படிகள். பாடநூல் பத்துப் பக்கத்தில் சொல்வதை நல்ல துப்பறியும் கதை பத்து நிமிடத்தில் பழக்கிவிடும். வடிவேறு வகுப்பறை அது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கத் தக்கதன்று.

இன்னொன்றும் செய்யலாம். பாரதியின் எழுத்துரிமையை 1949-இல் அரசு ஏற்று, பின்னர் மக்களுக்கே உரியதாக்கிய நாடு இது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனபின் 'பொன்னியின் செல்வன்' எத்தனை பதிப்புகளாக, எத்தனை வடிவங்களாகப் பெருகியது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். பொதுப்பணத்தில் பிறக்கும் பாத்திரத்தை முதல் நாளிலிருந்தே பொதுவுடைமையாக அறிவித்துவிட்டால், சிறு பதிப்பாளரும் பொம்மை செய்பவரும் பள்ளி நாடகக் குழுவும் அஞ்சாமல் எடுத்தாளலாம். ஜப்பானில் பணி உறைந்ததற்குச் சொல்லப்படும் அந்தக் காரணம் இங்கே தலைகாட்டாது.

கதைக்களத்துக்கு நான் தொலைவு போக மாட்டேன். டாயிலின் புகழ்பெற்ற கதை ஒன்றில் வாத்தின் வயிற்றிலிருந்து நீலக்கல் கிடைக்கிறது; மியாசாகி அதைத் தழுவிச் சிறுமி ஒருத்தியை நாயகியாக்கினார். எங்கள் தூத்துக்குடிக் கடலிலோ சிப்பியின் வயிற்றில் முத்து. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து முத்துக்குளிப்பில், எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்துப் பங்கிடுவார்கள்; மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் போகும். உள்ளே முத்து இருக்கிறதா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சிப்பி அழுகி, கழுவி, முத்தைப் பிரிக்கும் வரை காவல். ஒரு சிறு முத்தை மறைக்க வாயே போதும். துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல களம் வேண்டுமா? இக்கரையில் 1961-க்குப்பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அந்தக் கடலோர வாழ்வை இன்றைய குழந்தைக்குக் காட்ட இதுவும் ஒரு வழி.

துப்பறிவாளர் யார்? தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாய். மெலிந்த உடல், நீண்ட முகம், மின்னல் ஓட்டம். இது மோப்பத்தைவிடக் கண்பார்வையை நம்பி வேட்டையாடும் இனம். பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு என்று வாட்சனுக்கு ஓயாமல் உணர்த்தும் ஹோம்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் உறவினர் கிடைப்பது அரிது.

இவ்வளவையும் எட்டு வயதுக் குழந்தையிடம் சொல்ல இயலுமா? எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதையைச் சொன்னேன். அடியார்கள் உண்டெழுந்த இலைகளில் மிஞ்சியதை உண்பதற்காக ஒரு நாய் நாள்தோறும் தாமிரவருணியைக் கடந்து இவ்வூர்த் தெருவுக்கு வருமாம். ஒருநாள் திரும்பும்போது வெள்ளத்தில் அகப்பட்டு இறந்தது. அதன் உயிர் ஒளியாக மேலெழுவதை அக்கரையிலிருந்த யோகி ஒருவர் கண்டு, நாய்க்கும் வீடுபேறு தந்த ஊர் என்று வியந்து பாடினாராம்.

பெயர்த்தி சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அது தினமும் ஆத்தைத் தாண்டி வருதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? காலடித் தடம் பாத்தாரா?" என்று கேட்டாள்.

கேள்வி தமிழில் பிறந்துவிட்டது. அவளுக்கான தொடரை நாம் தமிழில் உருவாக்க வேண்டாமா?