கொல்லிமலைக் கிழங்கும் சேலத்து ஆலையும்

ஓர் ஆலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் மதிற்சுவருக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். ஸ்காத்லாந்தின் டண்டி நகரத்துச் சணல் ஆலைகளைப் பற்றி நூல்கள் பல உண்டு; அவ்வாலைகளின் பொருட்டு வங்காளத்து நெல்வயல்களில் சணல் ஏறிய கதையையும் சேர்த்துப் படித்தாலன்றி அந்தச் சரித்திரம் முழுமை பெறாது. நம் கொல்லிமலையின் நிலையும் இத்தகையதே. வல்வில் ஓரி ஆண்ட மலை என்றும், அறப்பளீசுவரர் எழுந்தருளிய தலம் என்றும், ஆகாய கங்கை வீழும் இடம் என்றும் அதனைப் போற்றுவோர் பலர்; சென்ற அரை நூற்றாண்டில் அம்மலையின் கொல்லைகளையும் அடுப்புகளையும் ஒருங்கே மாற்றிய சக்தி, சமவெளியில் எழுந்த ஜவ்வரிசி ஆலைகளே என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலர்.

இரண்டாம் உலக யுத்தம் கடல் வாணிபத்தைத் தடுத்து, அயல்நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மக்காச்சோள மாவும் கிடைக்காமற்போன காலத்தில், மீன் வியாபாரத்தின் பொருட்டு மலையாள தேசத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்து இத்தொழிலின் நுட்பம் அறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, 1943-ஆம் ஆண்டில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்வதைச் சேலத்தில் குடிசைத் தொழிலாகத் தொடங்கினார்கள். யந்திர ஞானம் மிகுந்த வெங்கடாசலக் கவுண்டர் அரைக்கும் கருவிகளைத் திருத்தி அமைத்த பின்னர், நாளொன்றுக்கு 100 கிலோ மூட்டைகள் 2 என்றிருந்த உற்பத்தி 25 மூட்டைகளாயிற்று. 1944-இல் பஞ்சம் வந்தது. ஏழைகளின் பசிக்கு உதவும் கிழங்கை ஆலைக்கு அனுப்பலாகாது என்று மாவட்டக் கலெக்டர் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் சங்கம் கூடி முறையிட்டுத் தடையை நீக்கிக்கொண்டார்கள். உணவா, ஆலைப் பண்டமா என்ற அந்தக் கேள்வி, பிற்காலத்தில் கொல்லிமலையில் வேறோர் உருவத்தில் எழுந்தது.

தொழிலின் முறையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. சேலத்து ஜனங்கள் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் மரவள்ளிக்கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி, பல் வைத்த உருளையில் கொடுத்துக் கூழாக்கி, நீர் விட்டுச் சல்லடையில் அலசினால், பால் தனியே இறங்கும். சல்லடையில் தங்கும் திப்பி மாட்டுத் தீவனமாகும். தொட்டிகளில் பல மணி நேரம் நின்று அடியில் படிந்த மாவை உதிர்த்து, துணித் தூளியிலிட்டு ஆட்ட ஆட்ட, ஈரமான துகள்கள் ஒன்றோடொன்று உருண்டு மணிகளாகத் திரள்வதைக் கைத்தொழில் நுட்பங்களுள் அழகானவற்றில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். அம்மணிகளைச் சலித்து, வறுத்தோ ஆவியில் வைத்தோ, விரிந்த களங்களில் வெயிலில் உலர்த்துவார்கள். மகாராஷ்டிரம் முதலிய வடநாட்டுப் பிரதேசங்களில் விரத நாட்களின் ஆகாரமாக அவை சென்று சேர்கின்றன. எஞ்சுவது புளித்த கழிவுநீர். அதன் நாற்றமும், அது கலந்த ஓடைகளின் நிலையும் ஆலையூர்களின் நெடுநாள் வேதனை.

இந்த ஆலைகள் எழுமுன் கொல்லிமலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் கொல்லைகளில் சாமையும் தினையும் பனிவரகும் கேழ்வரகும் விளைந்தன. சாமையில் மாத்திரம் கட்டவெட்டிச்சாமை, திருகுலச்சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை என்று பல வகை. மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றபடி பெண்கள் விதை தேர்ந்து வைத்தார்கள். உமியோடு வைத்த சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. மரவள்ளிக் கிழங்கோ அதற்கு நேர்மாறானது. மண்ணிலிருந்து பிடுங்கிய இரண்டொரு நாளில் மாவுச்சத்துக் குன்றத் தொடங்கிவிடும். ஆகவே, தலைச்சுமையாகப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கும் சேந்தமங்கலத்துக்கும் இறங்கிய காலத்தில் அது மலையின் பணப்பயிராக முடியவில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளோடு ஏறிய பாதையில் லாரிகள் ஓடத் தொடங்கிய பின்னரே, காலையில் பிடுங்கிய கிழங்கு விரைவில் புதன்சந்தை, செல்லப்பம்பட்டி, நாமகிரிப்பேட்டை ஆலைகளைச் சேர்வது சாத்தியமாயிற்று.

மலைமக்கள் சாமையைக் கைவிட்டதற்கு அறியாமையும் ஆசையும் காரணம் என்பாருண்டு. நான் அதை ஒப்பமாட்டேன். சாமைக்கும் தினைக்கும் கடினமான உமி. உரலிலிட்டுத் திரும்பத் திரும்பக் குத்திப் புடைத்தாலன்றி அரிசியாகாது. அந்த உழைப்பு முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. அதை நீக்கும் யந்திரம் மலையில் இல்லை. கிழங்குக்கோ, தோல் சீவுவது முதல் உலர்த்துவது வரை செய்து முடிக்க நூற்றுக்கணக்கான ஆலைகள் கீழே காத்திருந்தன. வந்த பணத்தில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். நியாய விலைக் கடையின் அரிசி அடுப்பேறியது. ஆனால் சரிவுகளில் கிழங்கைத் தோண்டும்போது இளகும் மேல்மண்ணை மழை அடித்துச் சென்றது. விதை வகைகள் அருகின. கிழங்கின் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' என்று அளந்து விலை சொல்லும் அதிகாரம் ஆலையிடமே நின்றது.

உற்பத்தியாளர்களின் விற்பனைக்கென 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் ஏற்பட்டது; 2023-இல் சேலத்து ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. மலைக்கு இத்தகைய நிறுவன ஆதரவு வேறு வழியில் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அங்கே பணி தொடங்கி, விதைகளைத் திரட்டியதோடு, உமி நீக்கும் சிறு யந்திரங்களைக் கிராமங்களிலேயே மகளிர் குழுக்களின் பொறுப்பில் நிறுவியது. இத்தனை முயற்சிகளுள் இதுவே நோயின் வேரைத் தொட்டது என்பது என் துணிபு. அவ்வூர்களில் சாமையும் தினையும் உரலேறாமலே அரிசியாகி, பொட்டலங்களில் மலையிறங்கி விற்பனைக்குப் போகின்றன. எனினும் அந்த 70 வளைவுகளில் இன்றும் மிகுதியாக இறங்குவன கிழங்கு ஏற்றிய லாரிகளே.