குழாய்க்குள் ஒரு வண்டி

நேற்று பேரன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களின் ஹைப்பர்லூப் குழாய், தையூரில், 422 மீட்டர் நீளம். "தாத்தா, உள்ள இருக்க காத்த உறிஞ்சி எடுத்துட்டு வண்டிய விடுவாவ. டிரைவரே கெடயாது" என்றான். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்துக்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

நம்ம நாஞ்சில் நாட்டுக்கு ரயிலே தாமதமாகத்தான் வந்தது. திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதை 1979-ல், திருநெல்வேலிப் பாதை 1981-ல். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். எங்கும் போவதற்காக இல்லை, வண்டியைப் பார்ப்பதற்காகவே ஸ்டேஷனுக்குப் போனவர்கள் நாங்கள்.

ஆனால் குழாய் வண்டி யோசனைக்கு வயது இருநூறுக்கு மேல். இங்கிலாந்தில் புரூனல் என்ற பெரிய பொறியாளர் 1847-ல் சவுத் டெவன் பாதையில் ஓட்டியே காட்டினார். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழாய், அதற்குள் பிஸ்டன். வழியோரப் பம்பு நிலையங்கள் முன்பக்கக் காற்றை உறிஞ்ச, பின்பக்கக் காற்று பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனை வண்டியோடு இணைக்கக் குழாயின் மேலே ஒரு பிளவு வேண்டும். அதைத் தோல் பட்டையால் மூடினார்கள். தோல் கெட்டது, காற்று கசிந்தது, 1848 செப்டம்பரில் கதை முடிந்தது. எலி தின்றுவிட்டது என்றும் சொல்வார்கள். எலி மேல் பழி போடுவது எல்லா ஊரிலும் சுலபம்தான்!

1904-ல் அமெரிக்காவில் காடர்டு என்ற மாணவர், காற்றில்லாக் குழாயில் காந்தத்தால் மிதக்கும் வண்டியைப் பற்றிக் கல்லூரியில் கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் ராக்கெட்டால் புகழ்பெற்றவர் அவரே. குழாய் வண்டிக்கான காப்புரிமை 1950-ல் கிடைத்தபோது அவர் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

2013-ல் ஈலோன் மஸ்க் இதே யோசனையைத் தூசி தட்டினார். அவருடைய நிறுவனம் மாணவர்களுக்குப் போட்டி வைத்தது. ஐ.ஐ.டி.யின் 'ஆவிஷ்கார்' அணி 2017-ல் உருவானது. 2019 ஜூலையில் கலிபோர்னியா போன இறுதிச் சுற்று அணிகளில் ஆசியாவிலிருந்து அது ஒன்றுதான். ஆனால் குழாய்க்குள் ஓடும் வாய்ப்பு நான்கு அணிகளுக்கே கிடைத்தது, நம் பிள்ளைகள் அதில் இல்லை. மியூனிக் அணி மணிக்கு 463 கிலோமீட்டர் தொட்டது. டெல்ஃப்ட் அணியின் வண்டியோ தகவல் தொடர்பு அறுந்ததும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு இது முக்கியம். சந்தேகம் வந்தால் நிற்கத் தெரிய வேண்டும்.

ஓடாமல் திரும்பிய அணி கலையவில்லை. ஊருக்கு வந்து தங்களுக்கென்று குழாயே போட்டுவிட்டார்கள்.

இனி என் வெட்கம். பல வருடம் முன்பு ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான் நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பி.வி.சி. குழாயும் சைக்கிள் பம்பும் கொண்டு வந்திருந்தாள். தீப்பெட்டிதான் வண்டி. பாதியில் சிக்கிக்கொண்டது. "ஓடலியேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன். பரிசு, கடையில் வாங்கிய தெர்மாகோல் எரிமலைக்குப் போனது.

உருண்டைக் குழாய்க்குள் சதுரத் தீப்பெட்டி. நான்கு பக்கமும் காற்று ஓடியிருக்கும். ஓரத்தில் துணி சுற்றிப் பார் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.